வெட்சிப்படம்: தொலைக்காட்சிக்கென எடுத்த போர்ச் சாகசப் படங்களுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழும உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட பழைய பாணிப் போர்ச் சாகசப் படங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் நண்பர், அவ்வகைப் படத்துக்கு ஒரு சொல் வேண்டுமென்று சென்ற வாரம் கேட்டிருந்தார். ‘தொலைக்காட்சிப் போர்ப்படம்’, ‘தொலைப்படம்’, ‘சாகச டெலிஃபிலிம்’, ‘சின்னத்திரைப் போர்ப்படம்’ என நான்கு பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. நான்கும் படம் எங்கே ஓடியது என்பதைச் சொல்கின்றனவேயன்றி, அது எத்தகைய படம் என்பதைச் சொல்லவில்லை என்பது என் கருத்து. அதனால் நான் சொல்லிப் பார்த்த ‘வெட்சிப்படம்’ என்ற சொல்லுக்குச் சில மறுப்புகளும் வந்துள்ளன; அவற்றுக்கும் இம்மடலில் விடை சொல்கிறேன். எங்கே ஓடியது என்ற பகுதியை முதலில் விரைவாக முடித்துவிடுகிறேன்.

‘தொலைக்காட்சிப் படம்’ என்பதை விரித்தால் இரு பொருள் வரும். தொலைக்காட்சிக்கு எடுத்த படம் என்று நான்காம் வேற்றுமையாகவும் விரிக்கலாம். தொலைக்காட்சியில் வந்த படம் என்று ஏழாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டில் பார்த்த எந்தப் படத்தையும் நாம் டிவியில் போட்ட படம் என்றே சொல்லிப் பழகியிருப்பதால், படிப்பவர் மனம் ஏழாம் வேற்றுமைப் பக்கமே சாயும். ‘தொலைப்படம்’ சுருக்கமானதுதான், ஆனால் தொலைந்த படம் என்ற நிழல் அதன்மேல் விழுகிறது, தொலைவிலிருந்து எடுத்த ஒளிப்படம் என்றும் கொள்ள இடமிருக்கிறது. ‘டெலிஃபிலிம்’ தூர்தர்ஷன் காலத்திலிருந்து வழங்கும் சொல். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ‘சின்னத்திரை’ என்பதை மக்களும் கலைஞர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டதால், பொதுவகைக்குச் ‘சின்னத்திரைப்படம்’ என்பதே போதும். சிறிய திரைப்படம் என்று யாரும் பிறழ உணர்வார்களோ என மதுரை நண்பர் கவலைப்பட்டிருந்தார். அந்தப் பொருளைக் ‘குறும்படம்’ முன்பே எடுத்துக்கொண்டுவிட்டதால் குழப்பம் நேராது.

இனி அந்தப் படங்களின் இயல்புக்கு வருகிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் படம் என 1964இல் என்பிசி ஒளிபரப்பிய ஒரு படத்தைக் குறிப்பிடுவது வழக்கம். 1969இல் ஏபிசி நிறுவனம் வாரந்தோறும் ஒரு புதிய படம் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் விளம்பரம் போக ஏறத்தாழ 75 நிமிடம்தான் கதைக்குக் கிடைக்கும். படப்பிடிப்புக்குக் கிடைத்ததும் இரண்டு மூன்று வாரங்கள்தாம். இந்தக் கட்டுக்குள், இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் பெரும்படை இறங்கியதைக் காட்ட இயலாது. காட்டியே தீரவேண்டுமென்றால், சினிமாக்காரர்கள் ‘ஸ்டாக் ஷாட்’ என்று சொல்லும் பழைய காட்சித் துண்டுகளைத்தான் ஒட்டவேண்டும். ஒட்டிய இடத்தில் வானத்தின் நிறமே மாறுவதைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆகவே அவர்கள் பெரும்போரை விட்டுவிட்டு, ஒரு சிறு குழுவையும் ஓர் இரவையும் ஒரே ஒரு வேலையையும் எடுத்துக்கொண்டார்கள்.

1973இல் ஏபிசியில் வந்த ‘டெத் ரேஸ்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடஆப்பிரிக்கப் பாலைவனத்தில், அடிபட்டு மேலெழ முடியாமல் தரையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அமெரிக்கப் போர்விமானத்தை ஒரு ஜெர்மானிய டாங்கி துரத்துகிறது. படம் முழுவதும் இவ்வளவுதான். ஒரு விமானம், ஒரு டாங்கி, மணல், நான்கைந்து மனிதர்கள். பணமில்லாத காரணத்தால் பிறந்த இந்தச் சுருக்கமே படத்துக்கு இறுக்கத்தைத் தருகிறது. பறக்கவேண்டிய ஒன்று தரையில் தவழ்வதைப் பார்க்கும்போது நமக்கு உண்டாகும் தவிப்பை ஐந்நூறு விமானங்கள் வானை அடைத்தாலும் உண்டாக்க முடியாது என்பேன்.

1971இல் அதே நிறுவனம் ஒளிபரப்பிய ‘தி பேர்ட்மென்’ எனக்கு இன்னும் நெருக்கமானது. ஜெர்மானியக் கோட்டையொன்றில் அடைபட்ட போர்க்கைதிகள் ஓர் அறிவியலறிஞரை வெளியே கொண்டுசெல்வதற்காக, காவலருக்குத் தெரியாமல் மேல்மாடத்தில் ஒரு மிதவை விமானத்தை, அதாவது எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து செல்லும் கிளைடரை, கட்டுகிறார்கள். கதை கற்பனை, ஆனால் விதை உண்மையானது. ஜெர்மனியின் சாக்சனியிலுள்ள கோல்டிட்ஸ் கோட்டையில் பிரித்தானியக் கைதிகள் தேவாலயத்துக்கு மேலிருந்த பரணில் போலிச் சுவர் ஒன்றை எழுப்பி, அதன் பின்னால் 10 மீட்டர் இறக்கை அகலமுள்ள மிதவை விமானத்தை உண்மையாகவே செய்தார்கள். தரைப் பலகையும் கட்டில் சட்டமும் அதன் எலும்புகளாயின. கட்டம் போட்ட படுக்கைத் துணி தோலாயிற்று. உணவாகக் கொடுத்த சிறுதானியத்தைக் கொதிக்கவைத்து, நம்மூரில் பாவுக்குக் கஞ்சி போடுவதைப் போலத் துணிமேல் தடவி விறைப்பாக்கினார்கள். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்து கோட்டையை மீட்டுவிட்டதால் அது பறக்கவே இல்லை. உண்மையில் பறக்காத அந்த விமானம் படத்தில் பறக்கிறது. இதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. பரணில் மாதக்கணக்காக இழைப்புளி பிடித்த கைகளுக்கு வரலாறு தராமல் விட்ட அந்த ஒரு நிமிடத்தைப் படம் தருகிறது.

இப்படங்களின் ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதல் பத்து நிமிடத்திலேயே செய்யவேண்டிய வேலை இன்னதென்று நமக்குத் தெரிந்துவிடும். போலி ஆவணம் எழுதுபவர், பூட்டுத் திறப்பவர், வண்டி ஓட்டுபவர் என ஆளுக்கொரு தொழிலும் தெரிந்துவிடும். பிறகு அந்த வேலை நடப்பதைக் கைநெருக்கத்தில் பார்க்கிறோம். பழைய பெட்டித் திரையில் தொலைவுக் காட்சிகள் எடுபடாமல் போனதால் ஒளிப்பதிவாளர் முகத்துக்கும் கைக்கும் அருகே வந்தே தீரவேண்டியிருந்தது. சுரங்கம் தோண்டும் கதைக்கு அதைவிடப் பொருத்தமான சட்டகம் வேறில்லை. விளம்பரத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கதவைத் தட்டுவதும் நாம் பழகிப்போன இன்பமே. 1990களில் கேபிள் வந்த புதிதில், இரவில் பழைய அமெரிக்கப் படங்களைப் போடும் அலைவரிசைகளில் இவற்றை ஆங்கிலம் பாதி புரிந்தும் புரியாமலும் பார்த்தவர்கள் இக்குழுமத்திலேயே பலர் இருப்பார்கள். வசனம் புரியாமலே கதை புரிந்ததற்குக் காரணம், கதை முழுவதும் கைவேலையாக இருந்ததுதான்.

இந்த வகைக்குச் ‘சாகசம்’ என்ற சொல் போதாது. அது துணிவையும் குறிக்கும், பாசாங்கையும் குறிக்கும்; ‘சாகசக்காரி’ என்று பழைய கதைகளில் வந்தால் அதில் பாராட்டு இராது. ‘போர்ப்படம்’ என்பதோ அளவில் மிகப் பெரியது. ஆனால் தமிழில் போரை ஒரே சொல்லால் மூடிவைக்கும் வழக்கம் தொன்றுதொட்டே கிடையாது. பழைய இலக்கணம் போரின் ஒவ்வொரு வகையையும் ஒரு திணையாக்கி, அதற்கு ஒரு பூவின் பெயரை வைத்தது. இருபெரும் படைகள் களம் குறித்து நேருக்கு நேர் பொருதால் தும்பை. மதிலை முற்றினால் உழிஞை. நாட்டின்மேல் படையெடுத்தால் வஞ்சி. இவற்றுக்கெல்லாம் முன்னால் தொல்காப்பியர் வெட்சியை வைக்கிறார்: ‘வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்’. வேந்தன் ஏவிய வீரர்கள், பகைவர் நிலத்துக்குள், களவாகச் சென்று, ஆநிரையை, அதாவது பசுக்கூட்டத்தை, கொண்டுவந்து காப்பது. ஆநிரை இருக்கும் இடத்தில் ஓர் அறிவியலறிஞரையோ மறைகுறி இயந்திரத்தையோ வைத்துப் பாருங்கள். நண்பர் மொழிபெயர்க்கும் கட்டுரையின் பாதிப் படங்கள் இந்த ஒரே நூற்பாவில் அடங்கிவிடும்.

பொருத்தம் இத்துடன் நிற்கவில்லை. வெட்சியின் துறைகள், அதாவது உட்பிரிவுகள், ஈரேழு என்று தொல்காப்பியர் வரிசைப்படுத்துவதைத் திரைக்கதைக் குறிப்பாகவே படிக்கலாம். படை திரளும் அரவம், நற்சொல் கேட்கும் விரிச்சி, சுற்றியிருப்போர் அறியாமல் போகும் செலவு, ஒற்றறியும் வேய், பகைப்புலத்தின் புறத்தே தங்கும் புறத்திறை, ஊர்கொலை, கவரும் ஆகோள், துரத்தி வருவோரைத் தடுக்கும் பூசல்மாற்று, கவர்ந்ததை நோகாமல் நடத்திவரும் நோயின்று உய்த்தல், எதிர்பார்த்து நிற்போர் மகிழத் தோன்றும் நுவலுழித் தோற்றம், அப்பால் ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தும் தந்துநிறை, பங்கிடும் பாதீடு, உண்டு மகிழும் உண்டாட்டு, கொடை. இவற்றுள் ‘நோயின்று உய்த்தல்’ எனக்கு மிகவும் பிடித்த துறை. வேலை முடிந்துவிட்டது, ஆனால் திரும்பும் வழி நீளமானது, உடன் வருபவரோ நடக்க முடியாதவர் என்ற பகுதியில்தான் இப்படங்கள் தம் உயிரைக் காட்டுகின்றன.

1967இல் திரையரங்குக்கு வந்த ‘தி டர்ட்டி டசன்’ படத்தின் தொலைக்காட்சித் தொடர்ச்சிகளை எண்ணிப் பாருங்கள். 1985இல் முதல் தொடர்ச்சியும் 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் அடுத்த இரண்டும் வந்தன. தண்டனைக் கைதிகள் பன்னிருவரைத் திரட்டிப் பகைப்புலத்துக்குள் அனுப்பும் அதே கட்டு ஒவ்வொன்றிலும் திரும்ப வருகிறது. முதற்படத்தில் இறந்துபோகும் பாத்திரத்தில் நடித்த டெல்லி சவாலஸ், கடைசி இரண்டில் வேறொரு பெயருடன் படைத்தலைவராகவே வருகிறார்; யாரும் குறை சொல்லவில்லை. துறை ஒன்று, பாடுநர் பலர் என்பது நமக்குப் பழகிய முறைதானே. 1985ஆம் ஆண்டுப் படத்தில் லீ மார்வின் அறுபது வயதில் மீண்டும் அதே அதிகாரியாக நடித்தார். அவர் 1944இல் பசிபிக் பெருங்கடலின் சைப்பான் தீவுப் போரில் உண்மையாகவே காயமுற்றவர். அந்தப் படத்தின் சண்டைக் காட்சிகளை நான் மறந்துவிட்டேன். தன்முன் நிற்கும் இளைஞர்களை அவர் பார்க்கும் பார்வையை மறக்கவில்லை.

இனி வந்துள்ள மறுப்புகள். ‘வெட்சி’ என்றால் இன்று யாருக்குத் தெரியும் என்று கேட்டவருக்கு: பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் புறத்திணைகளோடு அது இருக்கிறது, தமிழ்நாட்டில் தமிழ்வழி படித்தவர் அனைவரும் ஒருமுறையேனும் கேட்ட சொல். ‘வான ஊர்தி’ புறநானூற்றில் கிடந்த சொல்தான். இன்று ‘வானூர்தி’ என்று செய்தித்தாளில் படிக்கையில் யாரும் தயங்குவதில்லை.

மொழிபெயர்ப்பாளர் அம்மையார் எழுப்பிய மறுப்பு கனமானது. இரண்டாம் உலகப் போரின் கொடுமையை ஆநிரை கவரும் விளையாட்டாகச் சுருக்கிவிடாதா இந்தச் சொல் என்று கேட்டிருந்தார். சுருக்கும் ஆபத்து இப்படங்களிலேயே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1944 மார்ச்சில் ஜெர்மானியரின் ஸ்டாலாக் லுஃப்ட் மூன்று என்ற போர்க்கைதி முகாமிலிருந்து 76 பேர் சுரங்கவழி தப்பினர்; 73 பேர் பிடிபட்டனர்; அவர்களில் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த நிகழ்வைப் பற்றிய 1963ஆம் ஆண்டின் புகழ்பெற்ற திரையரங்குப் படம் தப்புதலின் களிப்பாலேயே நம் நினைவில் நிற்கிறது. 1988இல் தொலைக்காட்சிக்கென இரண்டு பகுதிகளாக எடுத்த படமோ, அந்த ஐம்பது பேரைக் கொன்றவர்களைத் தேடிப்போகும் கதைக்குத் தன் இரண்டாம் பகுதியைக் கொடுத்தது. 1963இல் போலி ஆவணம் எழுதும் மென்மையான கைதியாக நடித்த டொனால்ட் பிளசன்ஸ், 1988இல் ஜெர்மானியர் பக்கத்து ஆளாக வருகிறார். போரின்போது அவரே பிரித்தானிய வான்படையிலிருந்து விமானம் வீழ்த்தப்பட்டு ஜெர்மானியச் சிறைமுகாமில் இருந்தவர். ஆகவே சிறிய கட்டுக்குள்ளும் துயரத்துக்கு இடமுண்டு. அந்த இடத்தைப் படம் கொடுக்கிறதா இல்லையா என்பது எடுத்தவர் பொறுப்பு. மேலும், இச்சொல்லை ஏற்றுக்கொண்டால், வதைமுகாம்களைப் பற்றிய படங்களை இவ்வகையில் சேர்க்கக் கூடாது என்பதும் தெளிவாகிவிடும். ‘போர்ச் சாகசப் படம்’ என்ற சொல்லில் அந்த எல்லை இல்லை.

எனவே என் பரிந்துரை: பகைப்புலத்துக்குள் சிறு குழு சென்று ஒரு வேலையை முடித்துத் திரும்பும் படம் ‘வெட்சிப்படம்’. அது தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்டதாயின் ‘சின்னத்திரை வெட்சிப்படம்’. பெரும்படைகள் மோதும் படம் ‘தும்பைப்படம்’. கட்டுரையில் முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால், அடுத்த பத்தியிலிருந்து சொல் தானே நடக்கும். ‘1970களின் சின்னத்திரை வெட்சிப்படங்கள் குறைந்த செலவில், ஒரே நிலப்பரப்பில் எடுக்கப்பட்டன’ என்று எழுதிப் பார்த்தேன்; உறுத்தவில்லை.

சிறையிலிருந்து தப்பும் படங்களுக்கு மட்டும் எனக்கு இன்னும் உறுதி வரவில்லை. கவரப்பட்டதை மீட்டு வருவதால் ‘கரந்தைப்படம்’ எனலாமென்று தோன்றுகிறது. பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை, கவர்ந்த ஆநிரையை மீட்கும் கரந்தையைத் தனித் திணையாகவே கொள்கிறது. ஆனால் கரந்தையில் மீட்பவர் வெளியிலிருந்து வருகிறார். இங்கே கவரப்பட்டவர்களே தம்மை மீட்டுக்கொள்கிறார்கள். அப்படித் தம்மைத் தாமே மீட்பதற்கு உரைகளில் எங்கேனும் துறைப்பெயர் இருந்தால், உரைப்பயிற்சியுள்ளோர் எடுத்துக்காட்ட வேண்டுகிறேன்.

அன்புடன்.