கிணற்றடியில் கேட்ட கேள்விகள்: இயற்கை வளப் பாதுகாப்பு படித்தவர்களின் அனுபவப் பகிர்வு

செம்மண் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கிறவர் எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் தண்ணீரில்தான் வந்து நிற்பார். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கை ஆறுகூட மாரியில்தான் ஓடும். பெய்யும் மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அந்த மேல் அடியை இறைத்துத் தீர்த்தால் உவர் எவ்வளவு மேலே வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இறுதியாண்டு ஆய்வுக்குக் குடாநாட்டின் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகளில் தண்ணீர் மாதிரி எடுத்தோம். உரும்பிராய்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டம். போத்தலோடு எங்களைக் கண்டதும் ஐயா மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார்.

"தம்பி, முந்தியும் ஆக்கள் வந்து தண்ணி எடுத்தவை. என்ன கிடக்குது எண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை."

அந்தப் பேச்சு எனக்குச் சுட்டது. முடிவு வந்ததும் நானும் என் தோழியும் அவரிடம் போனோம். உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் நிலத்தடி நீருக்கு இறங்குவது நைத்திரேற்று. குடிநீரில் அது லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அவருடைய கிணறு அதைத் தாண்டியிருந்தது. "கற்கண்டு போலத் தண்ணி" என்றார். உண்மைதான், நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் மகளின் கைக்குழந்தை இருந்ததால் கொஞ்சம் அழுத்தியே சொன்னோம்: இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம், சிறு குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் போகலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற இன்னும் செறியும்.

மகள் உடனே விளங்கிக்கொண்டார். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப உரம் போடாமல் தோட்டம் செய்யச் சொல்லுறியளோ?"

இந்தக் கேள்வியை மதிக்காத பாதுகாப்புப் படிப்பால் பயன் இல்லை என்பது என் எண்ணம். உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுவது, மழைக்கு முன்னால் யூரியா எறியாமல் இருப்பது, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் விடுவது பற்றியெல்லாம் பேசினோம். கடைசியாகச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. காணி மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்திருக்கிறது, தூரத்துக்கு எங்கே போவது?

அடம்பன்கொடி எழுதியது:

என்னுடையது வடமராட்சி கிழக்கு. மணற்காட்டு மணல்மேடுகளில் தாவரக் கணக்கெடுப்பு. சதுரச் சட்டத்தை மணலில் போட்டு இராவணன் மீசைப் புல்லையும் அடம்பன்கொடியையும் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு மீனவ அம்மா பக்கத்தில் வந்து இருந்தார். "பிள்ளை, எண்ணுறது சரி. உதில நிண்ட மேட்டைக் காணேல்லையே, அதை எப்பிடி எண்ணுவியள்?"

மணல் ஏற்றிப்போன இடம் அது. 2004 சுனாமியில் எந்த மேட்டுக்குப் பின்னால் ஓடி நின்றார்கள் என்று கையால் காட்டினார். அதில் பாதி இப்போது பள்ளம். அந்த இடங்களை எல்லாம் அவரைக் கேட்டுத்தான் வரைபடத்தில் குறித்தேன். என் ஆய்வில் மிகப் பெறுமதியான பக்கம் அதுதான், புள்ளிவிவர அட்டவணைகள் அதற்குப் பிறகுதான். அந்தக் கொடிகள் மணலைப் பிடித்து வைத்திருப்பதை அந்த ஊரில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.

கிளிநொச்சி பஸ் எழுதியது:

உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குப் போதாமல் போய், வேறு வழியில்லாமல் இந்தப் பக்கம் வருகிற பிள்ளைகள் பலர். நானும் அப்படித்தான் விவசாய பீடத்துக்கு வந்தேன். பீடம் இருக்கும் கிளிநொச்சி அறிவியல்நகர் வெயிலும் பஸ்ஸும் முதலில் களைக்க வைக்கும். ஆனால் சுண்டிக்குளத்துக் களப்பில் வலசைப் பறவைகள் இறங்குவதைக் கண்ட பிறகு வேறு பாடத்துக்கு மாற மனம் வரவில்லை. 1938இல் சரணாலயமான இடம், 2015இல் தேசிய பூங்கா ஆனது. "என்ன வேலை கிடைக்கும்?" என்று வீட்டில் இப்போதும் கேட்கிறார்கள். அரச வேலைக்குக் காத்திருப்பு நீளம்தான், அதை மறைக்க மாட்டேன்.

@செம்மண், அந்த ஐயா இப்போது என்ன செய்கிறார்?

செம்மண் எழுதியது:

குழந்தைக்கு வெளியிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். யூரியாவை மழை பார்த்துப் போடுவதாகச் சொன்னார். கிணற்றில் வித்தியாசம் தெரிய நாள் எடுக்கும், அதனால் இந்த மாரி முடிந்ததும் திரும்ப மாதிரி எடுக்கப் போகிறோம். பக்கத்துத் தோட்டக்காரர்களும் தங்கள் கிணற்றையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை ஒவ்வொரு வீட்டுக்கும் அளவுகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. வலிகாமத்தில் மாதிரி எடுக்கும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்தால் நல்லது, தாளை நான் தயார் செய்து தருகிறேன்.