புதுப்பிப்பு: கோளின் சுற்றிலிருந்து விண்மீனின் நிறை

முந்தைய இழையில் 51 பெகாசி பி என்ற கோளின் சுற்றுப்பாதையை வைத்து அதன் விண்மீனின் நிறையைக் கணக்கிட்டிருந்தேன். கெப்ளரின் மூன்றாம் விதிதான்: கோளுக்கும் விண்மீனுக்கும் உள்ள தூரத்தை வானியல் அலகிலும் (பூமி-சூரியன் தூரம் ஓர் அலகு) ஒரு சுற்றுக்கு ஆகும் காலத்தை ஆண்டிலும் எடுத்து, தூரத்தின் மும்மடியைக் காலத்தின் இருமடியால் வகுத்தால், நிறை சூரிய நிறைகளில் கிடைக்கும். 0.052 அலகு, 4.23 நாள். விடை 1.05. அச்சிட்ட மதிப்புக்கு அவ்வளவு பக்கத்தில் வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்புறம் ஒருவர் கேட்டார்: "அந்த 0.052 எங்கிருந்து வந்தது?"

மிக நல்ல கேள்வி. அந்தக் கோளை 1995இல் யாரும் நேரில் பார்க்கவில்லை; கோளின் ஈர்ப்பால் விண்மீன் அசைவதால், அதன் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) முன்னும் பின்னும் நகர்வதைத்தான் அளந்தார்கள். அதிலிருந்து நேராகக் கிடைப்பது 4.23 நாள் என்ற காலம். தூரமோ, விண்மீனின் நிறையை அதன் ஒளியிலிருந்து முதலில் மதிப்பிட்டு, இதே கெப்ளர் விதியால் பெற்றது. ஆக, உள்ளே போட்ட நிறையைத்தான் நான் திரும்ப வெளியே எடுத்திருக்கிறேன்.

சரி, படத்திலேயே தெரியும் கோள் வேண்டும். பீட்டா பிக்டோரிஸ் பி அப்படிப்பட்டது. படத்தில் கோளுக்கும் விண்மீனுக்கும் இடையே அளந்த கோணமும், இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் சற்றே இடம் மாறித் தெரிவது) தரும் தொலைவும், அதாவது சுமார் 63 ஒளியாண்டு, சேர்ந்தால் சுற்றுப்பாதையின் அளவு வந்துவிடும். நிறையை முன்கூட்டி ஊகிக்க வேண்டாம். ஏறக்குறைய 10 அலகு, 24 ஆண்டு: 1000 ÷ 576 = 1.74.

தூரம் மும்மடியாவதால் அதில் 3% பிழை நிறையில் 9% ஆகும். அதனால் 1.7 என்றே வைத்துக்கொள்கிறேன்.