டெபியன் ப்ரிசீட்: ஆறு மெஷின் மட்டும் பார்ட்டிஷனில் நின்றுவிடுகிறது

நண்பர்களே, ஒரு கல்லூரி லேபில் 20 மெஷினுக்கு பிஎக்ஸ்இ பூட் (நெட்வொர்க் வழியே பூட் செய்வது) வழியாக டெபியன் 12 லினக்ஸ் போடுகிறேன்; இன்ஸ்டாலரின் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிய ப்ரிசீட் கோப்பு வைத்திருக்கிறேன். 14 மெஷின் தொடாமலே முடிந்துவிட்டது. மீதி ஆறும் பார்ட்டிஷனில் (டிஸ்க்கைப் பிரிக்கும் கட்டத்தில்) வந்து சிவப்புத் திரை காட்டி நிற்கின்றன. இவற்றில் மட்டும் என்விஎம்இ (எஸ்எஸ்டி வகை டிஸ்க்) போக ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் மாணவர்களின் ப்ராஜெக்ட் இருப்பதால் அதைத் தொடக்கூடாது.

முதலில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் வரியை ப்ரிசீட் எர்லி கமாண்டில் (ப்ரிசீட் கோப்பைப் படித்ததுமே ஓடுவது) போட்டிருந்தேன். என் தப்புதான், அது ஓடும்போது டிஸ்க் டிரைவரே லோடு ஆகியிருக்காது. பார்ட்மேன் எர்லி கமாண்டுக்கு (பார்ட்டிஷன் தொடங்குவதற்குச் சற்று முன் ஓடுவது) மாற்றியதும் என்விஎம்இ-யைச் சரியாகப் பிடிக்கிறது.

இப்போது வரும் பிழை, வால்யூம் குரூப் (டிஸ்க் இடத்தை நிர்வகிக்கும் எல்விஎம் வசதியில் ஒரு தொகுப்பு) பெயர் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்பது. ஆல்ட்+எஃப்2 அழுத்தி ஷெல்லில் விஜிஎஸ் (வால்யூம் குரூப்களைப் பட்டியலிடும் கட்டளை) போட்டுப் பார்த்தால், ஹார்ட் டிஸ்க்கில் பழைய இன்ஸ்டாலேஷனின் எல்விஎம் அதே பெயரில் உட்கார்ந்திருக்கிறது. பழைய எல்விஎம்-ஐ நீக்கும் வரியை ட்ரூ என்று வைத்தும் பயனில்லை, அது நாம் தேர்ந்தெடுத்த டிஸ்க்கை மட்டும்தான் சுத்தம் செய்கிறது போலிருக்கிறது (நல்லவேளை!).

புதுக் குரூப்புக்கு வேறு பெயர் வைத்தால் தாண்டிவிடும், தெரியும். ஆனால் பேக்கப் ஸ்கிரிப்ட் எல்லாம் 20 மெஷினிலும் ஒரே பெயரை நம்பி எழுதியது. பார்ட்மேன் எர்லி கமாண்டிலேயே விஜிரீநேம் போட்டுப் பழைய குரூப்பின் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் டேட்டாவுக்கு ஆபத்து உண்டா? அதற்கு முன் விஜிசேஞ்ச் போட்டு டீஆக்டிவேட் செய்ய வேண்டுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் அந்த வரியை அப்படியே போடுங்கள்.