மூக்கில எடுத்த சாம்பிளுக்கு ரிப்போர்ட் வராதாம், அப்ப ஏன் எடுத்தவை?

வெள்ளவத்தை_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம், தெரிஞ்ச ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ. மகளுக்கு நாலு வயசு, காய்ச்சல் தொடங்கி மூண்டாம் நாள் இருமலும் கூடிப்போச்செண்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒண்டின்ர ஓபிடிக்குக் கொண்டு போனனாங்கள். டெங்குவோ எண்டு பயந்துதான் போனது, இந்த மழைக்குள்ள முதல் நினைப்பு அதுதானே. பிளட் கவுண்டும் டெங்கு அன்டிஜனும் அண்டைக்கே வந்திட்டுது, டெங்கு இல்லை. ஆனா இன்னொரு மிஸ் வந்து பிள்ளையின்ர மூக்குக்குள்ளயும் தொண்டைக்குள்ளயும் குச்சி விட்டு எடுத்து, ரெண்டு குச்சியையும் ரோஸ் கலர் தண்ணி இருந்த சின்னப் போத்தலுக்குள்ள போட்டு, மேல் பக்கத்தை முறிச்சு மூடி, ஐஸ் பெட்டிக்குள்ள வச்சவா. பிறகு ஒரு ஃபோமில காய்ச்சல் எண்டைக்குத் தொடங்கினது, ஃப்ளூ ஊசி போட்டதோ, வெளிநாடு போய் வந்ததோ, கோழி வளக்கிற இடத்துக்குப் போனதோ எண்டெல்லாம் கேட்டு எழுதினவா. பிள்ளை குழறின குழறல் இன்னும் காதுக்குள்ள நிக்குது. பனடோல் தந்து வீட்ட அனுப்பிட்டினம், இப்ப ஓடித் திரியிறாள். ரிப்போர்ட் கேட்டா, அது பொரளைக்குப் போறது, உங்களுக்கு வராது எண்டினம். எனக்கு வராதெண்டா ஏன் எடுத்தவை? சின்னவனுக்கும் இப்ப தடிமன் தொடங்கிட்டுது, அவனுக்கும் எடுக்கச் சொல்லிக் கேக்கவோ?

கொட்டாஞ்சேனை_பதின்மூன்று:
எங்க அப்பாவுக்கும் இதேதான் அக்கா. மூச்சு வாங்குதுன்னு வாட்ல சேர்த்தப்ப எடுத்தாங்க, டிக்கெட் வெட்டி வீட்டுக்கு வந்ததுக்குப் பிறகும் அதைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. பிரைவட்ல காசு கட்டினா கொஞ்ச நேரத்துல ஃப்ளூ ஏ, பின்னு சொல்லிடுவாங்க. வயசான மனுசன் மூக்குல குத்தி எடுக்குறாங்கன்னா எதுக்குன்னு ரெண்டு நிமிசம் நின்னு சொல்லணும்ல, அதுதான் எனக்கு இன்னும் கோவம்.

லேப்_வேலையாள்:
நான் எம்எல்டி, லேப்லதான் இருக்கேன். தம்பி சொன்னது சரி, எடுக்குறப்பவே விளக்கம் சொல்லணும், சொல்லாம விட்டா சனம் அடுத்த தடவ மூக்கையே காட்டாது.

அக்கா, அது மகளுக்கு மருந்து எழுத எடுத்த டெஸ்ட் இல்ல. கொழும்புலயும் மத்த ஊர்லயும் இப்ப எந்தக் கிருமி சுத்துதுன்னு பார்க்க எடுக்குறது. அதுக்குன்னு சில ஆஸ்பத்திரிகளைத் தெரிவு செஞ்சு வச்சிருக்காங்க. 38 பாகைக்கு மேல காய்ச்சல், இருமல், தொடங்கி பத்து நாளைக்குள்ள, இந்த மூணும் பொருந்தினா ஃப்ளூ மாதிரி வருத்தம்னு எடுப்பாங்க, உங்க மகள் அதுல வந்திருக்கா. காய்ச்சல் இருமலோட வாட்ல சேர்க்குற அளவுக்குப் போனா அது கடும் சுவாசத் தொற்றுக் கணக்கு, தம்பிட அப்பா அதுல. ரெண்டையும் தனித்தனியாப் பார்த்தாத்தான் நோய் பரவுது மட்டுமா, இல்ல ஆக்களைக் கடுமையாவும் விழுத்துதான்னு தெரியும்.

பொரளைன்னு சொன்னது மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், இலங்கைக்கான தேசிய இன்ஃபுளுவென்சா நிலையம் அங்கதான் இருக்கு. அங்க பிசிஆர் போட்டு முதல்ல ஃப்ளூ ஏ வகையா பி வகையான்னு பார்ப்பாங்க, ஏ வகைன்னா அதுக்குள்ள எச்1என்1ஆ எச்3என்2வான்னு அடுத்து. ஏ வகைன்னு காட்டியும் இந்த ரெண்டுலயும் சேரலன்னா அப்பதான் லேப்ல எல்லாரும் எழும்பி நிப்பாங்க, அது பறவைக் காய்ச்சலாவோ வேற புது வகையாவோ இருக்கலாம். மனுசருக்குப் புது வகை ஃப்ளூன்னு உறுதியானா 24 மணித்தியாலத்துக்குள்ள நாடு உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்கணும். ஃபோம்ல கோழியைப் பத்திக் கேட்டது அதுக்குத்தான். காய்ச்சல் தொடங்கின திகதியும் சும்மா இல்ல, முதல் மூணு நாலு நாள்லதான் மூக்குல வைரஸ் நிறைய இருக்கும், பிந்தி எடுத்தா இருந்தும் இல்லன்னு வரலாம்.

வெள்ளவத்தை_அம்மா:
விளக்கத்துக்கு நன்றி. ஆனா ஓபிடியில அண்டைக்கு இருமிக்கொண்டு இருந்த பிள்ளையள் எத்தனை, எடுத்தது ஒண்டு ரெண்டு பேரிலதான். கொஞ்சப் பேரில எடுத்து ஊர்க் கதை தெரியுமோ? இன்னொண்டு, தங்கச்சி ஏழு மாசக் கர்ப்பிணி, எங்களோடதான் இருக்கிறா, அந்தப் பயத்திலதான் இவ்வளவும் கேக்கிறன்.

லேப்_வேலையாள்:
ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றது இங்க சரிதான், ஆனா ஒவ்வொரு முறையும் அடியில இருந்தே எடுத்தா அடிப்பிடிச்ச சோறு மட்டும்தான் கிடைக்கும். கடுமையான ஆளா மட்டும் பொறுக்கி எடுத்தா கணக்கு பிழைக்கும். அதனாலதான் கிழமைக்கு இத்தனைன்னு அளவா, ஒரே விதிப்படி, வருத்தம் குறைஞ்ச மாசத்துலயும் விடாம எடுக்கணும்னு நாங்க தலையால அடிச்சுக்குறது. சும்மா இருக்குற மாசத்துட அளவு தெரியாட்டி கூடினது எப்படித் தெரியும்? நூறு சாம்பிள்ல இருபது பொசிட்டிவ், இருநூறுல இருபது பொசிட்டிவ், ரெண்டும் இருபதுதான், ஆனா ரெண்டும் ஒரே நிலைமை இல்லையே. அதனால எண்ணிக்கையை விட வீதத்தைத்தான் பார்ப்போம்.

நம்ம நாட்டுல ஃப்ளூ வழமையா ரெண்டு தடவ ஏறும், ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் ஒண்டு, நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் இன்னொண்டு. இப்படிச் சாம்பிள் சேர்த்துத்தான் அது தெரிய வந்தது. உலகம் முழுக்க இப்படி ஃப்ளூ சாம்பிள் பார்க்குற லேப்கள்ட வலையமைப்பு 1952ல இருந்து நடக்குது, வருசத்துல ரெண்டு தடவ, பெப்ரவரியிலயும் செப்டம்பர்லயும், ஊசியில எந்த வகையைப் போடுறதுன்னு இந்தத் தரவை வச்சுத்தான் முடிவெடுக்குறாங்க. ஃப்ளூ பியில யமகாத்தான்னு ஒரு வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கயும் உறுதியாக் கிடைக்கல, அதனால ஊசியில இனி அது தேவையில்லன்னு 2023ல சொன்னாங்க. எத்தனையோ நாட்டு ஆக்கள்ட மூக்குல தேடியும் இல்லன்னு வந்த ரிப்போர்ட்டுகளால எடுத்த முடிவு அது, ஆனபடியா நெகட்டிவும் வீண் போறதில்ல.

2024 டிசம்பர்ல யாழ்ப்பாணத்துல காய்ச்சலும் மூச்சுத்திணறலுமா ஆக்கள் அடுத்தடுத்து இறந்தப்ப, பேஸ்புக் முழுக்க புது வைரஸ்னு பரப்பினாங்க, ஞாபகம் இருக்கா? லேப்ல பார்த்தா எலிக்காய்ச்சல். அதுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யும், வயலுக்கு இறங்குற ஆக்களுக்குத் தடுப்புக் குளிசை குடுக்கலாம். வெளியில பார்க்க ஒரே மாதிரி காய்ச்சலும் மூச்சுத்திணறலும்தான், செய்ய வேண்டியது முழுக்க வேற. சின்னவனுக்கு எடுக்கச் சொல்லிக் கேக்கத் தேவையில்ல அக்கா, டொக்டருக்குத் தேவைப்பட்டா அவங்களே எழுதுவாங்க.

நேர்ஸ்_தெஹிவளை:
தங்கச்சி விசயத்துக்கு மட்டும் நான் சொல்றேன். கர்ப்பிணிக்கு ஃப்ளூ கடுமையாகுற சந்தர்ப்பம் கூட, அதால அவங்களுக்குக் காய்ச்சல் இருமல் தொடங்கினா கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சுப் பார்ப்பம்னு வீட்டுல வச்சிருக்க வேணாம், அண்டைக்கே கொண்டு போங்க, வீட்டுல பிள்ளைக்கும் இருந்ததுன்னு சொல்லுங்க. ஃப்ளூவுக்குக் குடுக்குற ஒசெல்டமிவிர் மருந்து முதல் 48 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்லா வேலை செய்யும், ரிப்போர்ட் வரும் வரைக்கும் அதுக்குக் காத்திருக்க மாட்டாங்க. ஊசி போடுறதைப் பத்தியும் அடுத்த கிளினிக்ல மகப்பேற்று டொக்டர்கிட்ட (விஓஜி) கேளுங்க. சின்னவனுக்கு பனடோல் நிறைக்கு ஏத்த அளவுல மட்டும், டெங்கு இல்லன்னு தெரியுற வரைக்கும் வேற காய்ச்சல் மருந்து வேணாம். வேகமா மூச்சு எடுத்தாலோ, மூச்சு எடுக்கிறப்ப நெஞ்சுக்குக் கீழ உள்ளுக்கு இழுத்தாலோ, பால் குடிக்காம சோர்ந்து கிடந்தாலோ ராத்திரின்னு பார்க்காம கொண்டு போங்க.