பான்யோ வின்யோனி: ஊர் நடுவே வெந்நீர்க் குளம்

இத்தாலியில் சியெனாவுக்குத் தெற்கே, ஓர்ச்சா பள்ளத்தாக்கில் இருக்கிற குட்டி ஊர் இது. சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் நீள்சதுரமாகக் கல் கட்டிய குளம், அடியிலிருந்து குமிழி விட்டுக்கொண்டு வரும் வெந்நீர், சுற்றிலும் பழைய கல் வீடுகள், ஊர் அவ்வளவுதான். நாங்கள் போனது குளிர்காலம் தொடங்குகிற சமயம். காலையில் ஆவி எழும்பி எதிர்க்கரை வீடுகளே சரியாகத் தெரியவில்லை.

ஒரு இளம் ஜோடி தோளில் துண்டோடு வந்து கரையில் நின்று எங்கே இறங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையைத் திறந்துகொண்டிருந்த ஒரு அம்மா அங்கிருந்தே "நோ, நோ" என்று கத்திவிட்டு, கீழே சரிவைக் காட்டினார். இந்தக் குளத்தில் குளிக்கத் தடை. நாங்களும் அவர்கள் பின்னாலேயே இறங்கினோம்.

கீழே பாறையைக் குடைந்து செய்த பழைய ஆலைகள். குளத்தில் நிரம்பி வழிகிற தண்ணீர் சின்ன வாய்க்கால்களாக ஓடி, இந்த ஆலைகளைத் தாண்டி ஓர்ச்சா ஆற்றை நோக்கிச் சரிவில் விழுகிறது. ஊற்றில் ஏறத்தாழ 50 டிகிரி, இங்கே வருவதற்குள் கால் வைக்கிற சூட்டுக்கு ஆறிவிடுகிறது. ஒரு பெரியவர் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு வாய்க்காலில் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என் மனைவிக்கு இத்தாலியன் ஓரளவு வரும், பேச்சுக் கொடுத்தாள். அவ்வளவுதான், மனிதர் பிடித்துக்கொண்டார்.

கோடையில் ஆறு வற்றி மற்ற ஊர்களில் ஆலை நின்றுபோகும், இந்த ஊற்று வற்றாது, அதனால் வருஷம் முழுக்க இங்கே மாவு அரைத்தார்களாம். அப்புறம் சியெனாவின் புனித கேத்தரின் கதை. 14ஆம் நூற்றாண்டுப் பெண். கல்யாணமே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்ற மகளின் மனதை மாற்றலாம் என்று அம்மா இங்கே குளிக்கக் கூட்டிவந்தாராம், மகளோ தண்ணீர் அதிகம் சுடுகிற இடமாகத் தேடிப்போய் நின்று உடம்பை வருத்திக்கொண்டாளாம். பெரியவர் புனிதரை மெச்சித்தான் சொன்னார், எனக்கென்னவோ அந்த அம்மாதான் பாவமாகத் தெரிந்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பெரிய முதுகுப்பையோடு ஒரு பெண் வந்து ஷூவைக் கழற்றினார். கேன்டர்பரியிலிருந்து ரோம் வரை போகிற பழைய யாத்திரைப் பாதை, வியா ஃபிரான்சிஜெனா, இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார், அவ்வளவு இயல்பாக.

குளித்தே ஆக வேண்டும் என்றால் காரில் அரை மணிக்குள் பான்யி சான் ஃபிலிப்போ போய்விடலாம். அமியாத்தா மலையடிக் காட்டுக்குள் சுண்ணாம்பு படிந்து வெள்ளை வெளேரென்று நிற்கும் பாறை, அதன் கீழே இயற்கைத் தொட்டிகள், கட்டணம் கிடையாது. கந்தக வாடை துணியில் ஒட்டிக்கொள்ளும், பழைய துணியாக எடுத்துப் போங்கள். பியென்ஸாவும் பக்கம்தான். போப் இரண்டாம் பயஸ் தான் பிறந்த கிராமத்தை 1459 வாக்கில் இடித்துக் கட்டிய ஊர். எனக்குக் கட்டடங்களைவிட அங்கே கிடைக்கிற செம்மறி ஆட்டுப்பால் சீஸ்தான் பிடித்தது. சைவக்காரர்கள் பீச்சி என்கிற கையால் உருட்டிய தடிமனான பாஸ்தாவைப் பூண்டும் தக்காளியும் போட்ட சாஸோடு கேளுங்கள், வயிறு நிறையும்.

பான்யோ வின்யோனியில் ரயில் நிலையம் கிடையாது, பஸ்ஸும் குறைவு. கார் இல்லாமல் போகிறவர்கள், முக்கியமாக ஞாயிற்றுக்கிழமை, திரும்பி வரும் பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.