மீன்வளக் கலைச்சொல்: தாவரவழி ஒட்டுண்ணி எதிர்ப்பி

அனைவருக்கும் வணக்கம்.

வளர்ப்பு மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுக்கு எதிராக வேம்பு, பூண்டு, திப்பிலி போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் மருந்துகளைக் குறிக்க, இக்கலைச்சொல் உரையாடல் இழையில் 'மூலிகை மருந்து', 'தாவர ஒட்டுண்ணிக்கொல்லி', 'தாவர ஒட்டுண்ணி நீக்கி' ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. குளத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதோடு பொருத்திப் பார்த்தே இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

சொல்லின் முன்பகுதியை முதலில் முடித்துவிடலாம். 'தாவர ஒட்டுண்ணி' என்பது தாவரவியலில் புல்லுருவி போன்றவற்றுக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர் என்பதால், அதனோடு 'கொல்லி' சேரும்போது மாணவர்கள் புல்லுருவியை அழிக்கும் மருந்து என்றே பொருள்கொள்வார்கள். 'தாவரவழி' என்று மாற்றினால் இக்குழப்பம் நீங்கும்.

பின்பகுதிதான் கடினமானது. கட்லா, ரோகு குளங்களில் தொல்லை தரும் மீன் பேனை எடுத்துக்கொள்வோம். தட்டையான, ஏறக்குறைய கண்ணாடி போன்ற உடலுடைய இது, இரண்டு உறிஞ்சிகளால் மீனின் மேல் பற்றிக்கொண்டு, ஊசிபோன்ற உறுப்பைத் தோலில் செலுத்துகிறது. எரிச்சல் தாங்காத மீன், நட்டுவைத்த கழிகளில் உடலைத் தேய்க்கிறது. பேன் என்று பெயர் பெற்றாலும் இது இறாலுக்கும் நண்டுக்கும் உறவான கணுக்காலி; ஆகவே தோலுரித்துத்தான் வளர முடியும். வேம்பிலுள்ள அசாடிராக்டின், கணுக்காலிகளின் தோலுரிப்பை நடத்தும் ஹார்மோனின் வேலையைக் குலைக்கிறது. இவ்வழியில் ஒட்டுண்ணி உடனே இறப்பதில்லை, அதன் வளர்ச்சி முறிகிறது என்பதால், 'கொல்லி' என்ற சொல் மருந்தின் வேலையைத் தவறாகக் காட்டுகிறது. செவுளில் ஒட்டும் தட்டைப்புழுவோ தோலுரிப்பதே இல்லை. அதன்மேல் ஒரு சாறு வேலை செய்தால் அதன் வழி வேறு.

'நீக்கி' வெண்புள்ளி நோயில் பொருந்தாமல் போகிறது. அந்நோயைத் தரும் ஒருசெல் உயிரி மீனின் மேல்தோலுக்கு அடியில் பதுங்கியிருப்பதால், நீரில் கலக்கும் மருந்து பெரும்பாலும் அதை எட்டுவதில்லை. அது வெளியேறி, பெருகி, நீந்தும் இளம்பருவத்தில் அடுத்த மீனைத் தேடும் வேளையில்தான் அதை அழிக்க முடிகிறது. அங்கே மீனிலிருந்து எதுவும் நீக்கப்படுவதில்லை.

இவை அனைத்தையும் தழுவும் பொதுச்சொல்லாக 'எதிர்ப்பி' அமைகிறது. 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்ற சொல் கொல்வதையும் வளர்ச்சியைத் தடுப்பதையும் ஒருங்கே குறித்துப் பழகிவிட்டது. அதே அச்சில் 'தாவரவழி ஒட்டுண்ணி எதிர்ப்பி' என்று சொல்வதையே நான் வலியுறுத்துகிறேன். 'கொல்லி', 'நீக்கி' இரண்டையும் கைவிட வேண்டியதில்லை. செயல்முறை தெளிவாகத் தெரிந்த இடங்களில் அவை உட்பிரிவுச் சொற்களாக இருக்கட்டும்.

'மூலிகை மருந்து' என்பதை ஏற்பதில் எனக்கு உண்மையான அச்சம் உண்டு. மூலிகை என்றதும் தீங்கில்லாதது என்ற எண்ணம் நம் மக்களிடம் வந்துவிடுகிறது. மீன்குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள வேண்டாத களைமீன்களை ஒழிக்க, ஒரு எக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள நீருக்கு ஏறத்தாழ 2500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு இடுகிறோம். அதிலுள்ள சபோனின் மீன்களைக் கொன்றுவிடுகிறது. வேப்பஞ்சாறும் அளவு மீறினால் மீனுக்கு நஞ்சுதான். பண்ணையாளர் கையில் போகும் துண்டறிக்கையில் 'மூலிகை' என்று அச்சிட்டால், அளவுக்கோப்பை இல்லாமல் வாளியிலிருந்து அப்படியே ஊற்றிவிடுவார்கள்.

இன்னொன்றையும் இப்போதே முடிவுசெய்வது நல்லது. சாறு கலந்த நீரில் மீனைக் குறித்த நேரம் வைத்திருப்பதும், பூண்டைத் தீவனத்தில் சேர்த்துக் கொடுப்பதும் அளவிலும் பயனிலும் வேறானவை. முன்னதைக் 'குளியல் முறை' என்றும் பின்னதைத் 'தீவன முறை' என்றும் இக்கலைச்சொல்லின் பதிவில் பிரித்துக் காட்டலாம் என்பது என் முன்மொழிவு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்.