‘நோயாளிக்கு என்ன உறவு?’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ஈரமண் (கேள்வி):

நானும் அவளும் ஒன்றாக வாழ ஆரம்பித்துப் பதினொரு வருஷம் ஆகிறது. நான் பள்ளிக்கூட டீச்சர், அவள் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. வீட்டு ஓனரம்மா எங்களை ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். நாங்களும் திருத்தியதில்லை.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு அவளுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. அப்பெண்டிக்ஸ், உடனே ஆபரேஷன் என்றார்கள். ஒப்புதல் படிவத்தில் ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். “ஃப்ரெண்ட்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. “சொந்தக்காரங்க யாரையாவது வரச் சொல்லுங்கம்மா” என்றார் அந்த நர்ஸ். கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா எங்களோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவருக்கு நான்தான் போன் செய்தேன். அவர் வந்து கையெழுத்துப் போடும்வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே கிடந்தாள்.

இப்போது நன்றாக இருக்கிறாள், தையல் பிரித்தாயிற்று. எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு, தன்பாலினத் திருமணம் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நேரலையில் பார்த்தோம். திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாமலாவது எங்களைப் போன்ற இணையரைச் சட்டம் ஏற்க வேண்டும் என்றவர்கள் இரண்டே பேர். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

இன்றைய தேதியில் எங்கள் கையில் சட்டப்படி என்னதான் இருக்கிறது? தாய்லாந்தில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தால் இங்கே செல்லுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையவீடு:

தங்கச்சி, நான் வக்கீல் இல்லை. பதினேழு வருஷம் கூடவே வாழ்ந்தவரைப் பறிகொடுத்த பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த ராத்திரி. அவளுக்கு நினைவு இருந்தது என்றால் அவளுடைய கையெழுத்தே போதும், அம்மா வந்திருக்கவே வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மயக்க மருந்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய அம்மா கொடுத்த ஒப்புதலே செல்லாது என்ற தீர்ப்பு அது. வயது வந்தவர், தெளிவாக இருக்கிறார் என்றால் அவர் உடம்புக்கு அவர்தான் பொறுப்பு. அடுத்த முறை அப்படி ஒன்று வரக்கூடாது, வந்தால் இதைச் சொல்லுங்கள். மீள முடியாத நிலை வந்தால் என்ன செய்ய வேண்டும், யார் முடிவெடுக்க வேண்டும் என்பதையும் இப்போதே எழுதி வைக்கலாம். 2023 ஜனவரியிலிருந்து அது சுலபமாகிவிட்டது. இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ இருந்தால் போதும்.

தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் உங்களைப் போன்றவர்கள் பதிவு செய்துகொள்ளலாம், உண்மைதான். அந்தச் சான்றிதழோடு இங்கே வந்து இறங்கினால் அதற்கு மதிப்பில்லை. வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின்கீழ் ஏற்கச் சொல்லியும் 2023 வழக்கில் கேட்டார்கள், கிடைக்கவில்லை. மனசுக்காகப் போவதென்றால் போய்வாருங்கள்.

இனி நான் செய்த தப்பு. அவருடைய இன்சூரன்ஸ் பாலிசியில் நான் நாமினி. அது போதும் என்று இருவருமே நம்பினோம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டும்தான், பணம் வாரிசுக்குச் சேர வேண்டியது என்று 1983லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது எங்களுக்குத் தெரியாது. வீடு அவர் பெயரில் இருந்தது, உயில் இல்லை. நாற்பது வயதில் உயில் எழுதுவது அபசகுனம் என்பார் அவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய தம்பி வந்து, “உங்க சாமானை எப்ப எடுத்துக்கிறீங்க?” என்று கேட்டார். ‘உங்க’ என்றதுதான் இன்னும் காதில் இருக்கிறது. பால்கனியில் இருந்த செம்பருத்தித் தொட்டி யாருடைய சாமான் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டு வந்தேன்.

அதனால் உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பயன் பெறுகிறவர் சாட்சியாக இருக்கக்கூடாது. பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்துவிடுங்கள். எழுதாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கல்யாணமாகாத பெண்ணின் சொத்து அப்பா அம்மாவுக்குப் போகும். பதினொரு வருஷத்துக்கு அங்கே கணக்கே இல்லை.

வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், ஒருவருக்கு மற்றவர் நாமினியாக இருக்கவும் தடை இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமே தெளிவுபடுத்திவிட்டது. கிளையில் தயங்கினால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

நேர்வழி:

தப்பாக நினைக்க வேண்டாம், புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். தன்பாலின உறவைக் குற்றம் என்ற 377வது பிரிவு விஷயம் 2018லேயே முடிந்துவிட்டது. சேர்ந்து வாழ யாரும் தடுக்கவில்லை. உயில், கூட்டுக் கணக்கு எல்லாம் எழுதிக்கொள்ளலாம் என்று மேலே ஒருவர் சொல்லிவிட்டார். பிறகு கல்யாணம் என்ற பெயர் எதற்கு?

ஈரமண்:

பழையவீடு அண்ணா, உங்கள் பதிலை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். அந்தச் செம்பருத்தியோடு அவள் நிறுத்திவிட்டாள். மீதியை நான்தான் படித்துச் சொன்னேன்.

நேர்வழி, என் தாத்தா பாட்டி செய்துகொண்டது சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, தாலி இல்லை, மாலை மாற்றிக்கொண்டார்கள். ஊரறிய நடந்த கல்யாணம். ஆனால் அந்த மாதிரித் திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் அம்மா பிறந்தபோது காகிதத்தில் பாட்டி ‘மனைவி’ இல்லை. அண்ணா ஆட்சிக்கு வந்து 1967இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் நடந்த திருமணங்களும் செல்லும் என்று அதில் எழுதப்பட்டது. பாட்டி அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரே ஒரு வரிதான் சொல்வார்: “அதுவரைக்கும் எதுக்குப் போனாலும் விளக்கம் சொல்லணும்.”

நீங்கள் சொல்கிற உயில், கணக்கு, ஒப்புதல் எல்லாம் அந்த விளக்கம்தான். ஒவ்வொரு கவுன்டரிலும் புதிதாகச் சொல்ல வேண்டும், ஒன்றை மறந்தால் அந்த இடத்தில் கதவு சாத்திக்கொள்ளும். கல்யாணமானவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. எனக்கும் அது வேண்டும் என்று கேட்கிறேன்.

தூறல்:

எனக்கு 24 வயது. போன வருஷம் என் தோழியை அவள் வீட்டில் பூட்டி வைத்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எங்களைப் போன்றவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022இல் தமிழ்நாட்டில் நடத்தை விதியே திருத்தப்பட்டது அந்த வழக்கால்தான். ரைட்டர் முழுதாகப் படித்தார், திருப்பியும் படித்தார். பிறகு அவள் வீட்டுக்கு ஆளனுப்பினார்.

2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குடும்பத்தை உருவாக்கத் திருமணம் ஒன்றே வழியில்லை, நாமே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றது. வேலூர்ப் பக்கத்து வழக்கு. 25 வயதுப் பெண்ணைப் பெற்றோர் தடுத்து வைத்திருந்தார்கள், கோர்ட் அவளை அவள் விருப்பப்படி அனுப்பியது. அக்கா, அதையும் உங்கள் ஃபைலில் வையுங்கள்.

ஈரமண்:

வைத்துவிட்டேன்மா. உன் தோழியும் நீயும் பத்திரமாக இருங்கள்.

வருகிற சனிக்கிழமை உயிலில் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு சாட்சி என்னோடு வேலை பார்க்கிற டீச்சர். அவரிடம் முதல்முறையாக முழுசாகச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்றார். இன்னொரு சாட்சிக்குத் தன் அம்மாவைக் கேட்கலாமா என்கிறாள் அவள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவர் எங்களோடு இருந்தார். என்னிடம் பேசவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கஞ்சி கொண்டுவந்தார். கேட்கலாமா, பழையவீடு அண்ணா?

பழையவீடு:

கேளுங்கள். அவள் உயிலில் அம்மாவுக்கு எதுவும் எழுதவில்லை என்றால் அவர் சாட்சியாக இருக்கத் தடையில்லை. வாரிசாக வரக்கூடியவரே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளைக்கு அதை எதிர்த்துப் பேசுவது யாருக்கும் சுலபமில்லை. போனில் வேண்டாம், இரண்டு பேரும் நேரில் போங்கள்.